‘கர்த்தர் தந்தார்’ சரி, கணக்கு எங்கே?

இறையியல் கல்லூரிச் சிற்றாலயத்திலும் கன்வென்ஷன் பந்தலிலும் சபைப் பத்திரிகையிலும் ஒரே கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஊழியத்துக்கென்று இருந்த வேலையை விட்டுவிட்டு இளைஞன் ஒருவன் படிக்க வருகிறான். கூடவே மனைவி. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அரிசிப் பானை காலி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை வாங்கக் காசில்லை. யாரிடமும் வாய் திறக்காமல் இருவரும் முழங்காலில் நிற்கிறார்கள். விடிகிறது. கதவடியில் ஒரு கவர். அதில் தேவைப்பட்ட அதே தொகை. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்லேலூயா சொல்கிறார்கள். ஊர் மாறும், தொகை மாறும், கதை மாறுவதில்லை.

இந்தக் கதையைப் பொய்யென்று நிரூபிப்பது என் வேலையில்லை. நம்ம சனங்களுடைய விசுவாசத்தைக் கிண்டல் பண்ணுகிற படித்த மேட்டிமையிலும் எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு உலை வைக்க என்ன செய்வது என்று தெரியாத வீட்டில் ஒரு அம்மா செய்கிற ஜெபத்தில் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஜெபத்தை எடுத்து மேடையேற்றி, அதற்கு ஒரு வடிவம் கொடுத்து, ‘சாட்சி’ என்ற பெயரில் வறியவர்களிடமே திரும்பக் கொண்டுவந்து தருகிற கதையாடலை ஓர் இலக்கிய வகையாக வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. நாம் சிறுகதையையும் நாவலையும் கவிதையையும் விமர்சித்துக்கொண்டிருக்கிறோம். காலனியில் கிறிஸ்தவச் சனங்க காதால் அதிகம் கேட்கிற உரைநடையோ இந்தச் சாட்சிதான். அதை விமர்சகர்கள் யாரும் தொடுவதில்லை.

சாட்சி என்ற சொல் நீதிமன்றத்திலும் இருக்கிறது. எந்த நாள், எந்த இடம், யார் கொடுத்தது, எவ்வளவு என்று அங்கே குறுக்கு விசாரணை உண்டு. தலித் தன்வரலாறுகள் இந்த அர்த்தத்தில்தான் சாட்சியம். ஊர்த் தெரு எது, சேரி எது, கூலி எவ்வளவு, அடித்தது யார் என்று அவை சொல்கின்றன. சபைச் சாட்சியை இப்படி யாரும் விசாரிப்பதில்லை. இங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

1. மூலக்கதை

இந்தக் கதைவகைக்குப் பெரிய முன்மாதிரி ஜார்ஜ் முல்லர். 1805இல் பிரஷ்யாவில் பிறந்து, ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்து, இங்கிலாந்து போய், பிறகு பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லங்கள் நடத்தி, 1898இல் இறந்தவர். யாரிடமும் கை நீட்டாமல் ஜெபத்தாலேயே ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர் என்று நம் பிரசங்கிகள் இவரைச் சொல்லாத வருடமில்லை.

இல்லங்கள் வருவதற்கு முன்னால் நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1830இல் அவர் டின்மத் என்ற கடலோர ஊரில் சின்னச் சபையொன்றின் போதகர். சம்பளம் வருடத்துக்கு 55 பவுண்டு. அக்டோபரில் மேரி குரோவ்ஸைக் கல்யாணம் செய்கிறார். அந்த மாதக் கடைசியிலேயே சம்பளம் வேண்டாமென்று அறிவிக்கிறார். மனமுள்ளவர்கள் போடட்டும் என்று கோவிலில் ஒரு பெட்டி வைக்கப்படுகிறது. தேவையை மனிதரிடம் சொல்லக் கூடாது, கடன் வாங்கக் கூடாது என்பது கணவன் மனைவி இருவரும் எடுத்த முடிவு. நவம்பரில் கையில் இருந்தது சுமார் எட்டு ஷில்லிங். அப்போது ஒரு சகோதரி, பணம் வேண்டுமா என்று கேட்கிறாள். கர்த்தரிடம் மட்டுமே சொல்வேன் என்று இவர் பதில் சொல்கிறார். கொடுக்கும்படி கர்த்தர்தான் தனக்குச் சொன்னார் என்று அவள் இரண்டு கினி கொடுத்துவிட்டுப் போகிறாள்.

1831 ஆகஸ்டு 9ஆம் தேதி, நீண்ட பிரசவ வேதனைக்குப் பிறகு, மேரிக்குக் குழந்தை இறந்தே பிறக்கிறது. அப்படியானால் ‘விசுவாச வாழ்க்கை’யின் அந்த முதல் குளிர்காலத்திலேயே மேரி கர்ப்பிணி. பிள்ளைப்பேற்றில் இருக்கிற ஆபத்தை அதற்கு முன்னால் தான் பெரிதாக நினைத்துப் பார்த்ததில்லை என்று முல்லரே எழுதி வைத்திருக்கிறார். அவருடைய நூலின் முதல் பகுதி 1837இல் வெளிவந்தது. நான் வாசித்த வகையில் அந்த நூலின் மிக நேர்மையான இடங்களில் இது ஒன்று.

இந்த வழிமுறை நம் மண்ணுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. மேரியின் அண்ணன் அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்த திருநெல்வேலிச் சீமைக்காரர் ஜான் அருளப்பன் (1810–1867) மிஷன் சம்பளம் வாங்காமல் கிறிஸ்தியான்பேட்டையை மையமாக வைத்து ஊழியம் செய்தார். வெள்ளைக்காரச் சங்கத்திடம் கைகட்டி நிற்காத சுதேசி ஊழியன் என்ற வகையில் அதற்கு ஒரு மானம் இருந்தது. அதை மறுக்க முடியாது.

2. வெட்டப்பட்டவை

மூலக்கதையையும் இன்று நம் மேடைகளில் ஓடுகிற கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று விஷயங்கள் வெட்டப்பட்டிருப்பது தெரிகிறது.

முதலாவது, இருக்கை. முல்லர் சம்பளத்தை விட்டதற்குச் சொன்ன முதல் காரணம் அற்புதம் பார்க்க வேண்டும் என்பதல்ல. அவர் சம்பளம் இருக்கை வாடகையிலிருந்து வந்தது. பணம் கட்டுகிறவனுக்கு நல்ல இடம், ஏழைக்கு ஓரம். இது யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்துக்கு விரோதம் என்றுதான் அவர் அந்தப் பணத்தை மறுத்தார். அதாவது இது கோவிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்கிற சண்டையிலிருந்து பிறந்த ஏழ்மை. சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிக் கோவில் கட்டிய நாடு இது. வடக்கன்குளத்தில் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. செத்த பிறகும் தனிக் கல்லறை என்று நம்ம சனங்க போராட வேண்டியிருக்கிற நாட்டில், முல்லர் கதையிலிருந்து இருக்கையை உருவிவிட்டுக் கவரை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதைத் தற்செயல் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

இரண்டாவது, கணக்கு. முல்லர் கொடுத்தவர்களின் பெயரை அச்சிடவில்லை, தொகையை அச்சிட்டார். வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று வருடா வருடம் அறிக்கை போட்டார். தேவையைச் சொல்ல மாட்டேன் என்றவர் அறிக்கை போடுவதே ஒரு விளம்பரம்தானே என்று வாதாடலாம். ஆனாலும் கணக்கு இருந்தது. நம் மேடைச் சாட்சியில் தொகை உண்டு, கணக்கு கிடையாது. கவர் வந்த நாள் மட்டும் இருக்கிறது. வராத நாட்கள் இல்லை.

மூன்றாவது, பெண்ணின் உடல். மேரியின் இறந்து பிறந்த பிள்ளையை நம் பிரசங்கிகள் சொல்லி எத்தனை பேர் கேட்டிருப்போம்? இங்கே சொல்லப்படும் கதையில் கர்ப்பம் ஒரு அழுத்தம் கூட்டும் உத்தி, அவ்வளவுதான். வயிறு பெரிதாகப் பெரிதாக அற்புதமும் பெரிதாகிறது. அந்த வயிற்றுக்குள் இரும்புச்சத்து போயிற்றா, அவளுக்குத் தலை சுற்றியதா, ராத்திரி பசித்ததா என்பதெல்லாம் கதைக்குத் தேவையில்லை. சாட்சி சொல்கிறவன் கணவன். அவள் பக்கத்தில் முக்காடு போட்டு நிற்பவள்.

3. விட்ட ஏழ்மையும் விடாத ஏழ்மையும்

முல்லர் விட்டது சம்பளத்தை. விடுவதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. பாமாவின் ‘கருக்கு’ (1992) இந்த இடத்தை வேறு பக்கத்திலிருந்து தொட்டது. ஏழு வருடம் மடத்தில் இருந்துவிட்டு வெளியே வந்த பெண் அதில் பேசுகிறாள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் வசதியாக வாழ்கிறார்கள். எந்த வார்த்தைப்பாடும் கொடுக்காத நம்ம சனம் ஏழையாகவே கிடக்கிறது. ஏழ்மை ஒருவருக்கு ஆபரணமாகவும் இன்னொருவருக்கு விலங்காகவும் இருப்பதை அந்தப் புத்தகம் மடத்துச் சாப்பாட்டையும் சேரிச் சாப்பாட்டையும் வைத்தே காட்டிவிட்டது. கத்தோலிக்க மடத்தைப் பற்றி எழுதப்பட்டதை சீர்திருத்தச் சபைகளின் இறையியல் கல்லூரிக்கும் பொருத்திப் பார்க்கலாம். இங்கே மடமில்லை, குடும்பம் இருக்கிறது. ஆகவே ஏழ்மை பெண்டாட்டியின் இடுப்பில் வந்து உட்காருகிறது.

காலனியிலிருந்து படிக்க வருகிற தம்பதியை எடுத்துக்கொள்வோம். கடன் வாங்காதே என்ற விதியை (ரோமர் 13:8) அவர்களுக்கும் சொல்லுகிறார்கள். அப்பன் பட்ட கடனுக்கு மகன் பண்ணையில் நின்ற பரம்பரை இது. கொத்தடிமை முறையை ஒழிக்க இந்த நாட்டுக்கு 1976இல் சட்டம் வேண்டியிருந்தது. கடனில் பிறந்தவனிடம் கடனே பாவம் என்று சொன்னால், அவன் கடனை விடுவதில்லை, மறைக்கிறான். கைமாத்து வாங்கியதையும் கம்மலை அடகு வைத்ததையும் சொல்ல வெட்கப்படுகிறான். விசுவாசக் குறைவு என்று மதிப்பெண் போடுவார்களே என்கிற பயம்.

அரசியல் சட்டத்தின் கீழ் வந்த 1950ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டுமாக்கியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை அந்தத் திருத்தங்கள் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நம்மவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அந்தப் பெண் நர்சிங் படித்திருந்து மத்திய அரசு வேலைக்கு மனுப் போட்டாலும், இதே தெருவில் இருக்கிற இந்துச் சித்தப்பா மகளுக்குக் கிடைக்கிற தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கீடு அவளுக்கு இல்லை. ஞானஸ்நானத்துக்கு அரசு போட்ட அபராதம் இது. பானை காலியானதற்கான காரணங்களில் இதுவும் உண்டு. எந்தச் சாட்சியிலாவது இது வந்திருக்கிறதா?

சரி, வந்த பணம் யாருடையது? தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். செலவெல்லாம் அவள் அம்மா தலையில். களையெடுத்த கூலியில் சீட்டுக் கட்டி, சுயஉதவிக் குழுவில் லோன் போட்டு, அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். வண்டிச் சத்தம், பத்தியச் சாப்பாடு, பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண் எல்லாம் அவள் பாடு. அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி என்று ஒன்று இருக்கிறது; 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2018இல் பொருளும் பணமுமாக 18,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. இது வறிய பெண்ணுக்கு அரசு தர வேண்டிய உரிமைப் பணம். மேடையில் ஏறும்போது அம்மாவின் கூலியும் அரசின் கடமையும் பக்கத்து அறைக்காரன் கொடுத்த அரிசியும் ஒன்றாகக் கலந்து ‘கர்த்தர் அனுப்பினார்’ என்று ஆகிவிடுகிறது. கர்த்தர் அனுப்பினார் என்றே வைத்துக்கொள்வோம். யார் கையில் அனுப்பினார்? டின்மத்தில் இரண்டு கினி கொடுத்த சகோதரிக்குப் பெயரில்லை. நம்ம ஊர் அம்மாவுக்கும் பெயரில்லை. கொடுக்கிற கை பொம்பளை கை என்றால் அழித்துவிடுவது எல்லாத் தேசத்திலும் சுலபமாக இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. படிப்பு முடிந்து இவன் சபைக்குப் போனால் தென்மாவட்டங்களில் இவனை ‘ஐயர்’ என்பார்கள், அவளை ‘ஐயரம்மா’ என்பார்கள். காலனிப் பெண் ஐயரம்மாவானதும் கடன்காரனிடம் நின்ற கதையை வெளியே சொல்லக் கூடாது, பதவிக்கு அழகில்லை. பட்டம் அவளுடைய வாயையும் சேர்த்து அடைக்கிறது.

4. ஒரு ஒலை

இதற்கு மாற்று இறையியல் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம ‘பரட்டை’, கிராமியப் பாட்டிலேயே வழிபாட்டை அமைத்தவர், ‘ஒரு ஒலை’ என்ற கருத்தை முன்வைத்தார். எல்லோர் அரிசியும் ஒரே உலையில் விழ வேண்டும், எல்லோரும் சமமாகச் சாப்பிட வேண்டும். நற்கருணையே அதுதான். இதைக் கவர் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கவர் ரகசியமாக வருகிறது. ஒலை எல்லோர் கண்ணெதிரே கொதிக்கிறது. கவருக்காகக் காத்திருப்பவன் தன் பசியைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும். ஒலையில் பசியைச் சொல்வதுதான் முதல் வேலை. சொன்னால்தானே எத்தனை படி போடுவது என்று தெரியும்? பசியைக் கர்த்தரிடம் மட்டும் சொல் என்கிற உபதேசம், சபையைக் கேட்கவிடாமல் காப்பாற்றுகிற உபதேசமாகவும் வேலை செய்கிறது. கேட்காத சபைக்குப் பொறுப்பு கிடையாதே!

ஆகவே ஜெபத்தை விடச் சொல்லவில்லை. சாட்சியை முழுசாகச் சொல்லச் சொல்கிறேன். முல்லர் செய்ததுபோல வரவு செலவைப் போடுங்கள். கம்மல் எந்தக் கடையில் இருக்கிறது, வட்டி எவ்வளவு, அம்மா எத்தனை நாள் கூலிக்குப் போனாள், வராத கவருக்காக எத்தனை ராத்திரி காத்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இறையியல் கல்லூரிகளில் பிரசங்கம் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதையும் கற்றுக்கொடுக்கட்டும். தம்பதியர் குடியிருப்பில் இருக்கிற பெண்கள் கணவன் பக்கத்தில் நிற்கும் சாட்சியாக இல்லாமல் தாங்களே எழுத உட்காரட்டும். அந்த எழுத்து வந்தால் அதை அற்புதம் என்று கேட்டுவிட்டு எழுந்து போக முடியாது. புள்ளத்தாச்சி பசியோட படுத்த ராத்திரிக்கு இந்த டயோசீஸும் இந்தச் சபையும் இந்த அரசும் என்ன பதில் வெச்சிருக்கு என்று அது கேட்கும். பதில் சொல்ல வேண்டியவர்கள் பெயரும் அந்தக் கணக்கில் இருக்கும்.