மஹாகவியின் கடல் நாடகம்

ஆங்கில இலக்கியம் கற்ற நம் ஆசிரியர்கள் அயர்லாந்து நாடகாசிரியர் ஜோன் மிலிங்டன் சிங்கின் பெயரை நன்கு அறிவர். அரன் தீவு மீனவக் குடும்பமொன்றின் துயரை ஒரே அங்கத்தில் அடக்கி அவர் எழுதிய நாடகம் 1904இல் டப்ளினில் மேடையேறியது. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கடலுக்குப் பறிகொடுத்த கிழத்தாய் ஒருத்தி, கடைசி மகனையும் இழக்கிறாள். அவன் போனது கூத்தாடவோ குடிக்கவோ அல்ல. சந்தையிற் குதிரை விற்பதற்கு. சவப்பெட்டிக்கென்று நல்ல பலகை வாங்கி வைத்திருந்தவள் ஆணி வாங்க மறந்துபோனாள் என்பதை நாடகத்தின் இறுதியில் அறிகிறோம். வறுமையை விளக்க ஒரு பிரசங்கமும் அங்கு இல்லை. பலகையும் ஆணியும் அதனைச் சொல்லிவிடுகின்றன.

அந்நாடகத்தைப் பாடநூலிற் கற்ற நம்மவர்களுட் பலர், நம் மொழியில் நம் கடலைப் பற்றி எழுந்த செய்யுள் நாடகம் ஒன்று உண்டு என்பதை அறியாதிருத்தல் வியப்புக்குரியது. அளவெட்டியிற் பிறந்த து. உருத்திரமூர்த்தி (1927–1971), அதாவது மஹாகவி எழுதிய ‘புதியதொரு வீடு’ பற்றியே இங்கு பேச விழைகிறோம். தாசீசியஸின் நெறியாள்கையில் மேடையேறிய அந்நாடகம், ஆசிரியர் மறைந்து நெடுங்காலத்தின் பின்னரே நூலுருப் பெற்றது. அதில் வரும் பாட்டொன்றை மட்டும் பலரும் அறிவர். மணலில் நண்டு கீறும் படத்தை அலை வந்து கொண்டுபோகும் அப்பாட்டு, நாடகத்தைப் பார்த்திராதவர் வாயிலும் பயில்கிறது. பாட்டுக்குக் கிடைத்த வாழ்வு நாடகத்துக்குக் கிடைக்கவில்லை.

மஹாகவியை நாடகாசிரியர் என்று மட்டுமோ கவிஞர் என்று மட்டுமோ கொள்வது அவரைப் பாதியாக்குவதாகும். அவர் பாட்டுக் கட்டியவர். பாட்டு எங்கே யார் வாயில் ஒலிக்கப் போகிறது என்று எண்ணிக் கட்டியவர். 1968இல் வெளிவந்த ‘கண்மணியாள் காதை’ வில்லுப்பாட்டுக்கென எழுந்தது. லடீஸ் வீரமணி அதனைப் பாடினார். சாதி கடந்த காதலும், அதனைப் பொறுக்காத ஊர்த் திமிரும் அதன் பொருள். வாசிகசாலை அலுமாரிக்கு எழுதாமல், கோவில் வீதியிற் குந்தியிருந்து கேட்போர்க்கு எழுதினார் என்பதே அதன் சிறப்பு. வடிவத்தைத் தெரிந்தெடுத்ததிலேயே அவரது சார்பு வெளிப்பட்டுவிடுகிறது.

இன்னொரு வடிவத்தை அவர் அயர்லாந்து நகரொன்றின் பெயர்தாங்கிய ஆங்கிலச் செய்யுளிலிருந்து பெற்றார். லிமரிக் எனப்படும் அந்த ஐந்தடி வேடிக்கைப் பாட்டைத் தமிழ் யாப்பில் இருத்தி, ‘குறும்பா’ என்று பெயரிட்டு, 1966இல் நூலாக்கினார். முத்துக் குளிப்பவன் ஒருவன் எதிரே வந்த காலனுக்கே கைக்கூலி கொடுத்து அனுப்பும் குறும்பாவை நினைவு கூர்வோர், அக்காலக் கந்தோர்களின் வாசலில் நின்றவர்களாயிருப்பர். இரவல் வடிவம் என்று சிலர் முகஞ்சுளித்தனர். வெண்பாவும் ஒருநாள் யாரோ ஒருவரின் புதுமையாகத்தானே இருந்திருக்கும்?

இனிக் ‘கோடை’யை நோக்குவோம். 1970இல் நூலாக வந்த இச்செய்யுள் நாடகம், அந்நிய ஆட்சியின் இறுதி நாட்களில் வாழும் நாதஸ்வரக் குடும்பம் ஒன்றைக் காட்டுகிறது. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயரோடு ஒட்டிய ஊரிற் பிறந்தவருக்கு இக்களம் கற்பனையாற் பெறப்பட்டதன்று. இசைக்கலைஞனுக்கு ஊர் கொடுக்கும் மதிப்புக்கும் சாதிப்படியில் அவனை நிறுத்தும் இடத்துக்கும் உள்ள முரணை மஹாகவி நன்கு அறிந்திருந்தார். அரச உத்தியோகத்தனின் சீருடையைக் கண்டு மயங்கும் மனமும், கலையையே வாழ்வெனக் கொண்ட மனமும் அந்த வீட்டுக்குள்ளேயே மோதுகின்றன. வெள்ளைக்காரன் ஒருவனை மேடையேற்றி வசைபாடாமலே ஏகாதிபத்தியம் குடும்பத்தின் அடுக்களை வரை வந்துவிட்டதைக் காட்டமுடிந்தது அவரால்.

இவ்விரு நாடகங்களிலும் நாம் முதன்மையாகக் கருதவேண்டியது பேச்சோசை. மரபு யாப்பைக் கைவிடாமலே, சீர்களைப் பேச்சின் நிறுத்தங்களுக்கேற்ப முறித்து, யாழ்ப்பாணத்தார் கதைக்கும் தொனியைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தார். நடிகன் இதனைப் பாடவும் வேண்டியதில்லை; வசனமாக ஒப்புவிக்கவும் இயலாது. சிங்கும் பாரிஸில் இருந்தபொழுது கவிஞர் யேட்ஸின் சொற்கேட்டு அரன் தீவுக்குச் சென்று, அம்மக்களின் பேச்சிலிருந்தே தம் நாடகமொழியைப் பெற்றார். இருவரும் தாம் எழுதிய மீனவ வாழ்விற் பிறந்தவர்கள் அல்லர். சிங் நிலவுடைமைக் குடும்பத்தவர். மஹாகவி தோட்டமும் வயலும் சூழ்ந்த அளவெட்டியில் வளர்ந்து, எழுதுவினைஞராக அரச சேவையிற் புகுந்து, நிருவாக அதிகாரியானவர். வெளியிலிருந்து வந்த காது கூர்மையாயிருத்தல் கூடும். ஆயினும் அக்காதுக்குக் கேளாத சில ஒலிகளும் இருத்தல் கூடும்.

‘புதியதொரு வீடு’ நாடகத்தின் கதை சிக்கலற்றது. கடலுக்குப் போனவன் புயலின் பின் மீளவில்லை. அவன் இறந்தான் என்று ஊர் கொள்கிறது. அவன் மனைவி அவனுடைய தம்பியை மணந்து வாழ்கிறாள். ஆண்டுகள் பல சென்றபின் போனவன் வந்து நிற்கிறான். அதன்மேல் நிகழ்வதை இங்கு கூறாது விடுகிறோம். மேடையிற் காண்பதே முறை. இக்கதையின் சாயல் டெனிசனின் ஆங்கிலக் கவிதை ஒன்றிலும் உண்டென்று சுட்டி, அதனாலேயே இதனைத் தள்ளிவிடுவோரும் உளர். கடலோரம் எங்கும் இக்கதை நடந்திருக்கிறது. யாரும் யாரிடமும் இரவல் வாங்க வேண்டிய தேவை இல்லை.

ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. மீன்பிடிச் சமூகத்தின் வாழ்வைத் தீர்மானிப்பது புயல் மட்டுமன்று. வள்ளம் யாருடையது, வலை யாருடையது, பிடித்ததில் எத்தனை பங்கு யாருக்கு, முற்பணம் கொடுத்தவன் விலையை எவ்வாறு அறுக்கிறான் என்பனவும் அவ்வாழ்வைத் தீர்மானிக்கும். நாடகத்தின் நடுநாயகமான மோதல் இவற்றில் அமையவில்லை. அது குடும்பத்துக்குள்ளும் விதியோடும் நிகழ்கிறது. சிங்கிடமும் இக்குறை உண்டென்றாலும், சந்தைக்குப் போன குதிரையும் மறந்த ஆணியும் அதனை ஓரளவு ஈடுசெய்கின்றன. டப்ளின் சேரியிலிருந்து வந்த ஷோன் ஓகேஸி இவ்விடத்தில் வேறுபட்டவர். 1914இல் தொழிலாளர் படையின் செயலாளராயிருந்த அவர், பாட்டும் கட்டினார், நாடகமும் எழுதினார். விடுதலைக் கொடியின் கீழ் நின்றவர்களிடம் பட்டினியைப் பற்றிக் கேட்டார். 1926இல் அவருடைய நாடகத்துக்கு எதிராக அரங்கினுள் கலகம் மூண்டது, தேசியவாதிகளின் கையாலேயே. மஹாகவியின் நாடகத்துக்கு அப்படியொரு கலகம் மூளவில்லை என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும்.

ஆயினும் இக்குறையை வைத்துக்கொண்டு அவரை முற்போக்கணிக்கு அப்பாற்பட்டவர் என ஒதுக்குதல் தகாது. அவருக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை என்று எம். ஏ. நுஃமான் போன்றோர் வாதிட்டபோது அவ்வாதம் நட்பினால் எழுந்ததென்று சொல்லப்பட்டது. நட்பு இருந்தது உண்மையே, வாதமும் உண்மையே. தேர்வடம் தொட வந்த மனிதனைக் கல்லால் அடித்து வீழ்த்தும் ஊரையும், திங்களைத் தொட்டு மீளும் மனிதனையும் ஒரே கவிதையில் நிறுத்தியவர் மஹாகவி. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப்பிரவேசப் போராட்டம் நடந்த மண்ணில் அக்கவிதைக்கு உரை வேண்டியதில்லை. எந்த இயக்கத்தின் உறுப்பினர் அட்டையைக் காட்டி அதனினும் தெளிவாகப் பேசமுடியும்?

இவற்றையெல்லாம் புங்குடுதீவிலிருந்து நோக்கும்பொழுது சில செய்திகள் அழுத்தம் பெறுகின்றன. மஹாகவி மறைந்த அதே 1971இல், இத்தீவின் கண்ணகியம்மன் கோவில் நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் போராடினார், பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானார், 1973இல் மறைந்தார். முற்போக்கு விமர்சகரோடு தளையசிங்கம் கொண்ட பிணக்கு ஊரறிந்தது; அவருடைய ஆன்மிகவாதத்தோடு நமக்கும் உடன்பாடில்லை. ஆயினும் நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த தீவில் ஒரு வாளி நன்னீருக்காக அடிவாங்கிய எழுத்தாளனை எந்தத் தத்துவத் தராசில் இட்டு நிறுப்பது? கலைஞனின் சார்பை அவன் ஏற்றுக்கொண்ட பெயரால் அளக்கும் பழக்கம் இங்கே தடுமாறுகிறது.

கடலோ, மஹாகவியின் காலத்துக்குப் பின்னர் வேறொரு முகம் காட்டிற்று. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகிற் பயணஞ் செய்த முப்பதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990களின் தொடக்கத்தில் தீவுகள் படையினர் வசமாயின. புங்குடுதீவின் வீடுகள் ஆளற்றுப் போயின. ‘காற்றுவெளிக் கிராமம்’ தந்த சு. வில்வரத்தினம் இத்தீவின் மைந்தர். கவிதையைப் படிக்காது பாடிக்காட்டுவார். அவரும் 2006இல் மறைந்தார்.

போர் 2009இல் முடிந்தது. காணாமற் போனோரின் உறவினர் இன்றும் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் நிற்கின்றனர். கிளிநொச்சியில் அப்போராட்டம் 2017இல் தொடங்கியது. அதற்கு முன்னர் 2016இல், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற் போயுள்ளார் என்ற சான்றிதழ் பெறச் சட்டம் வழிசெய்தது. கணவன் இறந்தான் என்று கையொப்பமிட மறுக்கும் பெண்ணுக்கு அச்சான்றிதழ் ஓரளவு உதவலாம். ஆனால் அவள் எவ்வளவு காலம் காத்திருத்தல் வேண்டும், இன்னொரு வாழ்வைத் தொடங்கினால் ஊர் அவளை என்னவென்று அழைக்கும் என்பவற்றுக்குச் சட்டத்தில் விடையில்லை. மீளாதவன் இறந்தான் என்று முடிவு செய்வதற்கு உரியவர் யார்? அரசா, ஊரா, தாலி கட்டியிருப்பவளா? ஒரு மீனவக் குடிசையின் கதை என்று நாம் கருதியிருந்த நாடகம் இக்கேள்வியைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. புயலுக்குப் பதிலாகச் சோதனைச்சாவடியையும் சரணடைந்தோர் ஏறிய பேருந்தையும் வைத்தால், நாடகத்தின் பெரும்பகுதியை மாற்றாமலே நடித்துவிடலாம்.

அப்படி மேடையேற்ற முன்வருவோருக்கு ஒரு வேண்டுகோள். பாட்டுகளை மெல்லிசைக் கச்சேரியாக்கி, இடையிடையே வசனம் ஒப்புவிக்கும் முறையை விட்டுவிடுங்கள். நண்டுப் பாட்டை இனிமைக்காகப் பாடும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அது இழப்பைச் சொல்லும் பாட்டு. வலை இழுப்போரின் மூச்சிறைப்பும் தாளமும் அதில் கேட்க வேண்டும். மனைவியாக வருபவள், போனவன் திரும்பி வந்த காட்சியில் அழுதே தீரவேண்டும் என்பதும் இல்லை. அவளுடைய மௌனத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதே நெறியாளரின் முதல் வேலை.