பதின்மூன்று வயதோடு முடியும் ஊர்

ஊர் நினைவு என்று தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் நடந்து பார்த்த நினைவுகள். ஆற்றுக்குக் குளிக்கப் போனது, மதிலேறிக் குதித்தது, சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட் எடுத்தது, தேர் நிலைக்கு வரும்வரை கூடவே ஓடியது, இரவில் திண்ணையில் கூட்டம் போட்டது. படிக்கும்போது நமக்கும் அந்த ஊரைச் சுற்றிவந்த மகிழ்ச்சி கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சியைப் பறிக்க வேண்டும் என்பது என் எண்ணமில்லை. ஆனால் இந்த நினைவுகள் காலப்போக்கில் ஊர் வரலாறாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அப்போது ஒன்றைக் கேட்டாக வேண்டும்: எத்தனை வயதுவரை அந்தத் தெருக்களில் நடக்க விடப்பட்டவர் இதை எழுதினார்?

துறையூரில் ஊர்க்கதை கேட்டால் ஜமீன் வரும், பெருமாள்மலை வரும், ஏரி வரும், பச்சைமலை வரும். சொல்பவர் அநேகமாக ஓர் ஆணாக இருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் திரும்பினால், “எனக்கென்ன தெரியும், தாத்தாவக் கேளு” என்பார். இந்த ‘எனக்கென்ன தெரியும்’ எப்படி உண்டாகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அதற்குத் துறையூரைச் சுற்றிய பழைய திருச்சி மாவட்டத்திலிருந்தே மூன்று எழுத்தாளர்களைப் படிக்கலாம். தெற்கே ஸ்ரீரங்கத்தை எழுதிய சுஜாதா. திருச்சியைத் தாண்டி மதுரைச் சாலையில் இருக்கும் துவரங்குறிச்சியின் சல்மா. கிழக்கே, 1995இல் தனி மாவட்டமான பெரம்பலூரில் பிறந்த ப. சிவகாமி.

சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ தமிழில் மிகவும் விரும்பிப் படிக்கப்பட்ட பால்ய காலக் கதைகளில் ஒன்று. பெற்றோர் வேறு ஊர்களில் இருக்க, பாட்டியிடம் வளர்ந்த பையன் 1940களின் ஸ்ரீரங்கத்தைப் பார்க்கிறான். சித்திரை வீதிகள், ரங்கு கடை, கோயில், கொள்ளிடம், கிரிக்கெட், ஊரின் விசித்திர மனிதர்கள். கேலியும் பரிவும் கலந்த மொழி. இன்றும் ஸ்ரீரங்கம் போகும் வாசகர்கள் அந்த வீதிகளில் அவருடைய பாத்திரங்களைத் தேடுகிறார்கள். ஓர் எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்!

அந்த ஸ்ரீரங்கத்தில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே ஒருமுறை படித்துப் பாருங்கள். பாட்டி வீட்டில் இருக்கிறார். அவர் வீட்டில் இருப்பதால்தான் பையன் கவலையில்லாமல் ஊர் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்ப முடிகிறது. மற்றப் பெண்கள் வாசலிலும் ஜன்னலிலும் கோயில் போகும் வழியிலும் தட்டுப்படுகிறார்கள். பையன்கள் அவர்களைப் பார்க்கிறார்கள். பையன்களைப்போல ஊரெல்லாம் தன் விருப்பத்துக்கு அலையும் பெண் என்று மனதில் தங்குபவள் குண்டு ரமணி. அவளை ஊர் பைத்தியம் என்று வைத்திருக்கிறது. ஒரு பெண் காரணமின்றித் தெருவில் திரிய வேண்டுமானால் அவள் புத்தி பேதலித்தவளாக இருக்க வேண்டும் என்ற ஊரின் சட்டத்தை அந்தக் கதை, தான் நினைக்காமலே பதிவுசெய்துவிடுகிறது. சுஜாதா பார்த்ததை நேர்மையாகத்தான் எழுதினார். அவர் பார்த்த இடத்திலிருந்து தெரியாதவற்றையும் சேர்த்து அதுதான் முழு ஸ்ரீரங்கம் என்று நாம் கொள்வதில்தான் கோளாறு.

அந்தப் பாட்டியின் தலைமுறையை நினைத்துப் பார்க்கலாம். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் நிறைவேறியது 1929இல். 1940களில் பாட்டியாக இருந்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மணம் முடித்து வந்தவர்கள். பாவாடை கட்டிய வயதில் பிறந்த ஊரையும் விட்டு, புகுந்த ஊரிலும் அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் கோயிலுக்கும் நடுவே நடந்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் ‘என் ஸ்ரீரங்கம்’ என்று எழுதியிருந்தால் அதில் எத்தனை வீதிகள் இருந்திருக்கும்?

சல்மாவின் எழுத்து இந்தக் கேள்விக்கு ஒரு பதில் தருகிறது. 1968இல் பிறந்தவர்; பாட்டிகள் காலத்தவர் அல்லர். பதின்மூன்று வயதில் தோழிகளோடு ஒரு பகல்காட்சிக்குப் போனதையும், அரங்கில் ஆண்கள் மட்டுமே இருந்ததையும், அதன்பின் பள்ளிக்கூடம் நின்றுபோனதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெரியவளானதும் வீட்டோடு. பிறகு திருமணம், அங்கும் வீட்டோடு. ஒளித்து ஒளித்து எழுதிய கவிதைகள் தாயார் வழியாக வெளியே போயின. ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000இல் வந்தது. 2004இல் காலச்சுவடு வெளியிட்ட ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலில், பெரியவளாவதற்குச் சற்று முந்தைய வயதில் இருக்கும் ராபியா என்ற சிறுமியின் கண்ணும் ஒரு முக்கியமான கண்.

ராபியாவுக்கு இன்னும் தெரு இருக்கிறது. அவளைவிட மூத்த பெண்கள் எவருக்கும் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே நாவல் முழு ஊரையும் காட்டிவிடுகிறது. ஊர் இங்கே வீதிவரிசையாக விரிவதில்லை. யார் வீட்டில் யாருக்கு மணம் பேசுகிறார்கள், யார் கணவனை வேண்டாம் என்று வந்துவிட்டாள், எந்த வயிற்றை எப்படிக் கலைத்தார்கள், எந்தச் சாவை என்ன பெயர் சொல்லி மறைத்தார்கள் என்று வாய்மொழியாக விரிகிறது. பகலில் அடுக்களையில் தொடங்கும் பேச்சு, இரவில் வேலை ஓய்ந்த பிறகு தொடர்கிறது. கணவனை மறுத்து வந்த பிர்தவ்ஸ் எதிர்வீட்டு ஆணோடு கொள்ளும் உறவு அவள் உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. தெருவைக் கடந்து போகும் சில அடி தூரம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நீளமானது என்பதை ஊர் வரலாறு எழுதும் எந்த ஆணின் வரைபடமும் காட்டாது.

‘இது நாவல், நினைவுக் குறிப்பு இல்லையே, வரலாற்றுக்கு எப்படிச் சான்றாகும்?’ என்று மாணவிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் யார் எந்த வடிவத்தில் எழுத முடிந்தது என்பதும் வரலாறுதான். ஆண் தன் பால்யத்தை நான், என் தெரு, என் நண்பன் என்று சொல்லிச் சிரிக்கலாம். ஊர் அவரைக் கொண்டாடும். பெண் அப்படிச் சொன்னால் முதலில் வீட்டு மானம் வரும், பிறகு தெரு மானம் வரும், பிறகு மதம் வரும். அதனால் அவள் நினைவு புனைவுக்குள் போய் ஒளிகிறது. இரண்டு பெயர்களைப் பாருங்கள். எஸ். ரங்கராஜன், இன்னொரு ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததால் குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு ‘சுஜாதா’ ஆனார். ரொக்கையா, தான்தான் எழுதுகிறோம் என்பது வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று ‘சல்மா’ ஆனார். இருவருக்கும் புனைபெயர்தான். ஒருவருக்கு அது வசதி, மற்றவருக்கு அது உயிர் தப்பும் வழி.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அன்று. சிற்றூர்ப் பால்ய நினைவுகளை ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஸ்லாட் என்ற சிற்றூரில் வளர்ந்த லாரி லீயின் ‘சைடர் வித் ரோஸி’ 1959இல் வந்தது. பள்ளிகளில் பாடமாகவும் வைக்கப்பட்டது. பூவும் வெயிலும் ஆப்பிள் சாறும் மணக்கும் அந்தப் புத்தகத்துக்குள், பையன்கள் கூட்டாகச் சேர்ந்து காட்டுவழியில் வரும் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்யத் திட்டமிடும் நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. அவள் தப்பிவிடுகிறாள். கதைசொல்லி வளர்ந்த பிறகும் அதைப் பழைய கிராமத்தின் இயல்புகளில் ஒன்றாகச் சொல்லிக் கடந்துபோகிறார். அந்தப் பெண்ணுக்கு அந்தக் காட்டுவழி பிறகு என்னவாயிற்று என்ற பேச்சே இல்லை.

அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1939இல், ஃப்ளோரா தாம்ப்சன் ‘லார்க் ரைஸ்’ எழுதினார். அவரும் நேரடியாக ‘நான்’ என்று எழுதவில்லை. தன்னை லாரா என்ற சிறுமியாக்கிக்கொண்டார். அவருடைய குக்கிராமத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டிய பெண்பிள்ளைகள் வீட்டில் தங்குவதில்லை. பணக்கார வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பப்பட்டுவிடுவார்கள். துவரங்குறிச்சியில் அதே வயதில் பெண் உள்ளே வைக்கப்படுகிறாள், அங்கே வெளியே அனுப்பப்படுகிறாள். காரணங்கள் வேறு: இங்கே குடும்ப மானம், அங்கே வறுமை. ஆனால் இரண்டு இடத்திலும் பெண்ணின் பால்ய ஊர் பதின்மூன்றோடு முடிந்துபோகிறது. பையனின் ஊர் அந்த வயதில்தான் விரியத் தொடங்குகிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு பெரிய பிழை செய்தவர்களாவோம். எல்லாப் பெண்களும் வீட்டுக்குள் வைக்கப்பட்டவர்கள் என்று சொன்னால் வயலுக்கும் கல்லறுக்கவும் விறகுக்கும் நடந்த பெண்களை மறுபடி அழித்துவிடுகிறோம். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989) தொடங்குவது தங்கம் என்ற தலித் பெண்ணின் அடிபட்ட உடலோடு. கணவனை இழந்த கூலிப்பெண். வேலை செய்த நிலத்தின் உடையார் அவளைப் பலவந்தமாக அடைகிறான். அடி விழுவதோ அவளுக்கு. அடிப்பவர்கள் உடையாரின் மனைவியுடைய உறவுக்காரர்கள். அவள் காத்தமுத்துவின் வீட்டுக்கு வந்து விழுகிறாள். தலைவரான அந்தத் தந்தையையும், அவருடைய மனைவிகளையும், புதிதாக வந்து சேரும் தங்கத்தையும் பார்த்தபடி வளர்கிறாள் மகள் கௌரி. காவல் நிலையம், சாதிப் பேச்சு, நஷ்ட ஈடு எல்லாம் அவள் வீட்டுக்குள்ளேயே வந்து போகின்றன.

தங்கம் நடக்கலாம். வரப்பு அவளுக்குத் தடையில்லை. ஆனால் நடக்கும் வழியில் அவளைக் காக்க எவரும் இல்லை, நடந்ததைச் சொன்னால் நம்பவும் எவரும் இல்லை. நம் மொழியிலேயே ‘ஊர்’ என்றால் ஒன்று, ‘சேரி’ என்றால் வேறொன்று. ‘ஊர் நினைவு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லே பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பாமா எழுதிய ‘கருக்கு’ (1992) ஊரின் மலைகளை அழகாகச் சொல்லிவிட்டு, உடனே எந்தத் தெருவில் எந்தச் சாதி என்று வரிசைப்படுத்துவது இதனால்தான். அந்தச் சிறுமி பள்ளியிலிருந்து வேடிக்கை பார்த்தபடி மெதுவாக வீடு திரும்புகிறாள். பையன்களைப்போலவே தெருவை அனுபவிக்கிறாள். வழியில் தன் தெருப் பெரியவர் ஒருவர், தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாமல் நூலில் பிடித்து எடுத்துப்போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அது எதனால் என்று அண்ணன் விளக்கியதும் சிரிப்பு நின்றுபோகிறது. தெரு கிடைத்த பெண்ணுக்கும் அது சாதியோடுதான் கிடைக்கிறது.

சிவகாமியிடம் நாம் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தன் முதல் நாவலை எழுதிய சில ஆண்டுகளுக்குப் பின் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு புத்தகம் எழுதி, அந்த நாவலையே விசாரணைக்கு எடுத்தார். எதைச் சொன்னேன், எதை விட்டேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறந்த ஊருக்குத் திரும்பிப்போய்க் கேட்கிறார். ஊர் நினைவு எழுதும் ஆண்களிடம் நான் அரிதாகவே கண்டது இது. அவர்களுக்கு நினைவு இனிக்கிறது. இனிப்பதைத் திரும்பச் சோதிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. பெண்களும் தலித்துகளும் எழுதும்போது நினைவு எப்போதும் வழக்காடு மன்றத்தில் நிற்கிறது. அதனால் கூர்மை அடைகிறது.

இன்று கல்லூரிகளில் ஊர் வரலாறு தொகுக்கச் சொல்கிறார்கள். துறையூர், முசிறி, உப்பிலியபுரம் பக்கத்து மாணவிகளும் செய்கிறார்கள். கோயில் தலவரலாறு, ஜமீன் பரம்பரை, ஏரியின் பரப்பு என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். அதோடு வீட்டிலிருக்கும் பெண்களிடம் சில கேள்விகளையும் கேளுங்கள். ‘ஊரப் பத்திச் சொல்லுங்க பாட்டி’ என்று கேட்டால் பழைய பதில்தான் வரும். ‘கடைசியா எந்தத் தெருவுல தனியா நடந்தீங்க? அப்ப என்ன வயசு? யார் வேண்டாம்னு சொன்னாங்க? அப்புறம் ஊர்ச் சேதி எப்படி வீட்டுக்கு வந்துச்சு? களை பறிக்கப் போன வழியில எந்த இடத்துல வேகமா நடப்பீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் வயதையும் தெருவையும் சாதியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் கேட்டால், ஒரு வட்டத்தில் பெண்கள் எந்த வயதில், எந்த இடத்தில் நிறுத்தப்பட்டார்கள் என்பதற்கு ஒரு வரைபடம் கிடைக்கும்.

சல்மா 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சியின் தலைவரானார். பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம் என்பதால் அந்தக் கதவு திறந்தது. பதின்மூன்று வயதில் எந்தத் தெருக்கள் மூடப்பட்டனவோ, அதே தெருக்களின் விளக்குக்கும் சாக்கடைக்கும் தண்ணீருக்கும் அவர் பொறுப்பேற்றார். சட்டம் வந்துதான் ஒரு பெண்ணுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. இதுவும் ஊர் வரலாறு. பெருமாள்மலைக்கும் ஏரிக்கும் பக்கத்தில் இதையும் எழுதிவைக்க வேண்டும்.