கூலி: சொல்லும் கணக்கும்

தமிழில் கூலி என்பது ஆளின் பெயரல்ல, ஆளுக்குத் தர வேண்டியதன் பெயர். வேலை செய்பவர் கூலியாள், கூலிக்காரர். அவர் கைக்கு வர வேண்டியது கூலி. திருக்குறளின் 619ஆம் குறளிலேயே இந்தச் சொல் இருக்கிறது. உடலை வருத்தி முயன்றதற்குக் கிடைக்கும் பலன் என்பது அங்கே அதன் பொருள். இழிவின் சாயல் கொஞ்சமும் இல்லை. மலையாளத்திலும் கன்னடத்திலும் கூலி ஊதியத்தைக் குறிக்கும். தெலுங்கில் ஈற்றெழுத்து குறிலாக நின்றால் ஊதியம். நெடிலாக நீண்டால் அதை வாங்கும் ஆள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் சேலத்துத் தறித் தெருக்களில் இந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

கப்பலேறிய பிறகுதான் சொல் நிறம் மாறியது. 1886இல் யூலும் பர்னலும் வெளியிட்ட ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி, ஆங்கிலத்தின் 'கூலி'க்கு மேற்கிந்தியாவின் கோலி என்ற சாதிப் பெயரை மூலமாகக் கருதுகிறது. ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லும் அதனோடு கலந்திருக்கலாம் என்கிறது. அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல் ஒன்றையும் பக்கத்தில் வைக்கிறது. ஆக, ஒரே ஒலிக்குள் சாதி, ஊதியம், அடிமை என மூன்று பொருள்கள். வேர் எதுவானாலும், பேரரசின் வழக்கில் ஊதியம் என்ற பொருள் உதிர்ந்துபோய் ஆள் மட்டும் மிஞ்சினார். மலாயில் 'குலி' என்றால் சுமை தூக்குபவர். சீனர்கள் இதே ஒலிக்கு எழுதிய இரண்டு எழுத்துகளின் பொருள் கசப்பு, வலிமை. தென்னாப்பிரிக்காவில் அது வசைச்சொல். வழக்கறிஞராகப் போன காந்தியும் அங்கே 'கூலி பாரிஸ்டர்'தான்.

கயூத்ரா பகதூர் 2013இல் வெளியிட்ட நூலின் தலைப்பு 'கூலி உமன்'. 1903இல் கருவுற்ற நிலையில் தன்னந்தனியாகக் கல்கத்தாவில் கப்பலேறி பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிப் போகிறார் அவர். இந்த வசைச்சொல்லைத் தலைப்பில் வைக்கலாமா என்று முன்னுரையில் விவாதித்து, வைப்பதென்றே முடிவு செய்கிறார். அந்தத் தலைப்பு எனக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 'உமன்' என்று தனியே சேர்த்தால்தான் அதில் பெண் தெரிகிறாள். வெறும் கூலி என்றால் அந்த மொழியின் காதில் ஆணே விழுகிறான். கயானாவின் ராஜ்குமாரி சிங் 1973இலேயே 'நான் ஒரு கூலி' என்று கட்டுரை எழுதி, அந்தப் பெயரைப் பெருமையோடு ஏற்கச் சொன்னார். வசையாகவே பெயரைச் சுமந்தவர்களின் பேத்திகளுக்கு அந்தப் பெயரை மீட்பது தேவை. தமிழ்ப் பெண்களான நமக்கு அது போதாது என்பதே என் வாதம். நம் மொழியில் ஊதியம் என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாம் மீட்க வேண்டியது தொகையை.

கணக்கைப் பார்ப்போம். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அதைத் தொடர்ந்து நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் சேலம் மாவட்டத்தாரும் உண்டு. ஒப்பந்தத்தின் முதலாண்டில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி, ரேஷனிலும் பாதி. பெயர் மட்டும் முழுதாகக் 'கூலி'. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்கள்மீது 1895இல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்தார்கள். அந்த வரியில் பெண்ணுக்குப் பாதி என்ற பேச்சு கிடையாது. 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங். மாதம் 5 ஷில்லிங் வாங்கியவளுக்கு 12 மாதக் கூலி. 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய், வரி நீங்கும்வரை வேலையை நிறுத்துங்கள் என்று அழைத்தவர்கள் பெண்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். வரி 1914இல் நீங்கியது. தில்லையாடி வள்ளியம்மையைத் தியாகியாக வணங்கும் நாம், அந்தப் பெண்களுக்குக் கணக்கும் தெரிந்திருந்தது என்பதைச் சொல்வதில்லை.

சேலம், திருச்சி மாவட்டங்களிலிருந்து ஏராளமானோர் போய்ச் சேர்ந்த இலங்கை மலையகத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த எடைக்குக் கொழுந்து பறிக்காதவளுக்கு 'அரைப்பேர்'தான் விழும். கூலி ஆளின் பெயரானது ஆங்கிலத்தில். ஆளின் பேரே கூலியானது இங்கே. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால், பாதியாகக் குறைவதும் பெரும்பாலும் அவர்கள் பேர்தான்.

கடல் தாண்டாத பெண்ணின் நிலை என்ன? கூலி நெசவில் முதலாளி பாவும் ஊடையும் தருவார். நெய்து கொடுத்ததற்குக் கூலி. ராட்டையில் தார் சுற்றுவதும் அறுந்த இழையைப் பிணைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். நோட்டில் தறிக்காரர் பெயரில் ஒரே தொகை விழும். அவள் உழைப்பு அதற்குள் 'ஒத்தாசை'யாகக் கரைந்துவிடும். நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டிலும் கடலைக்காட்டிலும் ஆம்பளையாள் கூலி வேறு, பொம்பளையாள் கூலி வேறு. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. கல்லூரிச் சேர்க்கைப் படிவங்களில் தந்தையின் தொழில் 'கூலி' என்றும் தாயின் தொழில் 'இல்லத்தரசி' என்றும் எழுதியிருப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால், களை வெட்டப் போகிறார், சேகோ ஆலைக்குப் போகிறார் என்பார்கள். அப்பாவுக்குக் கூலியே தொழிலாகிவிட்டது. அம்மாவுக்கு அந்தச் சொல்கூட இல்லை.

மனம் ஒட்டாமல் வேலை செய்பவரைக் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்கிறோம். இழவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைக்க அழைக்கப்பட்ட பெண்களிடமிருந்து வந்த வழக்கு அது. யாரோ ஒருவரின் சாவுக்குப் பாட்டுக் கட்டி, தொண்டை கட்டும்வரை பாடி, நெஞ்சு வலிக்க அடித்துக்கொள்வது தேர்ந்த கலை, கடும் உழைப்பு. அதற்கு அவள் காசு வாங்கினாள் என்பதாலேயே துக்கம் பொய் என்று மொழி தீர்ப்பு எழுதியது. காசு வாங்கிக்கொண்டு மந்திரம் ஓதுபவரைச் சொல்லி இப்படி ஒரு வழக்கு பிறக்கவில்லை. பெண் கூலி கேட்டால் அவள் அன்பு பொய்யாகிவிடும் என்ற மிரட்டல் அந்த வழக்கில் இருக்கிறது. தார் சுற்றும் பெண்ணின் வாயை இன்றும் அடைப்பது அதே மிரட்டல்தான். தறிக்காரரின் நோட்டில் அவள் பெயருக்கு ஒரு தனி வரியும், அதன் எதிரே ஒரு தொகையும் வேண்டும். குறளில் நின்ற பொருளில் கூலி என்ற சொல் அப்போது அவளுக்கும் வந்து சேரும்.