மறக்கப்பட்டவர் யார்? – ‘கொலம்போ’ தொடரின் ஓர் அத்தியாயமும் ரசிகர் தீர்ப்பும்

துப்பறியும் கதையை விரும்பிப் பார்ப்போர் ஏனைய ரசிகரிலும் பார்க்கக் கண்டிப்பானவர்கள். காதற் கதையொன்று முடிவில் வழுவினால் மன்னித்துவிடுவார்கள். குற்றக் கதை வழுவினால் மன்னியார். குற்றம் நிகழ்ந்தது, குற்றவாளி அகப்பட்டான் என்ற இரண்டு புள்ளிகளுக்கிடையே நேர்கோடொன்று வரையப்பட வேண்டுமென்பது அவர்களுக்கும் ஆசிரியனுக்கும் இடையிலுள்ள எழுதா ஒப்பந்தம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘கொலம்போ’வின் ‘மறக்கப்பட்ட மாது’ என்னும் அத்தியாயம் அந்த ஒப்பந்தத்தை மீறியது. 1975 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 14 ஆந் திகதி என்.பி.சி. நிறுவனம் அதனை ஒளிபரப்பியது. அரை நூற்றாண்டு சென்ற பின்னரும் அத்தொடரின் ரசிகர்கள் அதன் இறுதிக் காட்சியைப் பற்றி உடன்பாட்டுக்கு வந்தாரில்லை.

றிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்னும் இருவர் படைத்த கொலம்போ என்ற பொலிஸ் அதிகாரி முதலில் 1960 இல் ஒரு தொலைக்காட்சி நாடகத்திலும், பின்னர் 1962 இல் ஒரு மேடை நாடகத்திலும் தோன்றிய பாத்திரம். 1968 இலிருந்து பீற்றர் ஃபோக் அப்பாத்திரத்தை ஏற்றார். 1971 இல் தொடங்கிய தொடர் இடைவெளிகளோடு 2003 வரை நீடித்தது. இதன் தனித்துவம் கதையைத் தலைகீழாகக் கூறும் உத்தியாகும். கொலைஞன் யாரென்பது தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிடும். அவன் எவ்வாறு அகப்படுவான் என்பதே பார்வையாளரின் ஆவல். ஆங்கிலச் சிறுகதையில் ஒஸ்ரின் ஃபிறீமன் 1912 இலேயே கையாண்ட உத்தி இது. எனினும் வாரந்தோறும் வீட்டுக்கூடத்தில் அமர்ந்து பார்க்கும் பெருங்கூட்டத்திற்கு அதனைப் பழக்கியது இத்தொடரே எனலாம்.

வில்லியம் டிறிஸ்கில் எழுதி ஹார்வி ஹார்ட் நெறிப்படுத்திய இந்த அத்தியாயத்தின் கதை எளியது. கிறேஸ் வீலர் ஒரு காலத்தில் ஆடல் பாடற் படங்களின் நாயகி. மீண்டும் மேடையேற அவள் துடிக்கிறாள். முதியவனும் ஓய்வுபெற்ற மருத்துவனுமான கணவன் ஹென்றி வில்லிஸ் அதற்குப் பணந்தர மறுக்கிறான். தன் பழைய படமொன்று வீட்டுப் படக்கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கையில் அவள் எழுந்து சென்று, உறக்கத்தில் ஆழ்ந்திருக்கும் கணவனைச் சுட்டுக் கொன்று, தற்கொலை போலத் தோற்றுவித்து, உட்புறம் பூட்டிய அறையிலிருந்து மாடி முகப்பு வழியாக மரத்தைப் பற்றி இறங்கி மீள்கிறாள். அவள் இல்லாத நேரத்திற் படச்சுருள் அறுந்துபோகிறது. படம் முடிய வேண்டிய நேரத்துக்கும் முடிந்த நேரத்துக்குமிடையே ஒரு வெளி. அறுந்த சுருளை ஒட்டச் சில நிமிடங்கள் போதும். எஞ்சிய நிமிடங்களில் அவள் எங்கிருந்தாள்? கொலம்போ பற்றிக்கொள்ளும் நூலிழை இதுதான்.

ஆனால் அவன் கண்டுபிடிப்பது இது மாத்திரமன்று. கிறேஸின் மூளையிலே குருதிக்குழாய் வீங்கியிருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு இடந்தராத நோய். ஞாபகம் நாள்தோறும் உதிர்கிறது. எஞ்சியிருப்பது ஓரிரு மாத வாழ்வே. இதனை அறிந்தவன் ஹென்றி ஒருவனே. அவளிடமிருந்து அதனை மறைத்தான். மேடையேற விடாது தடுத்ததும் அதனாலேயே. தான் கொன்றதைக்கூட கிறேஸ் இப்பொழுது மறந்துவிட்டாள். இவ்வுண்மையைக் கொலம்போவிடம் கேட்டறிந்த நெட் டயமண்ட், அவளோடு முன்னாளில் ஆடியவன், இன்றும் அவளை நேசிப்பவன், ‘நானே கொன்றேன்’ என்று அவள் முன்னிலையிற் பொய்யுரைக்கிறான். அப்பொய் குலையச் சில மாதங்களாகலாம் என்பது இருவருக்கும் தெரியும். கொலம்போ அதனை ஏற்று அவனை அழைத்துச் செல்கிறான்.

ரசிகரிற் பெரும்பாலோர் இம்முடிவைத் தொடரின் உன்னதங்களுள் ஒன்றாகக் கொள்வர். சட்டத்திற்கு அப்பாற்பட்ட மனிதநேயத்தை இங்குதான் கொலம்போ காட்டினான் என்பது அவர்கள் வாதம். மற்றொரு சாரார் இதனைக் கண்டிப்பர்: பொலிஸ் அதிகாரியொருவன் நிரபராதி ஒருவனைத் தெரிந்தே சிறைக்கு அழைத்துச் செல்வது இரக்கமாகாது, கடமை தவறுதலாகும். மூன்றாமவர் தடயங்களை எண்ணிப் பார்ப்போர். படச்சுருள் அறுந்த கதையை எந்த நீதிமன்றமும் கொலைக்குச் சான்றாக ஏற்காது, ஆகவே கொலம்போவின் இரக்கம் கையில் ஆதாரமில்லாதவனின் இரக்கமே என்று இவர்கள் நகைப்பர்.

மூன்றாமவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உண்மையில் அது அவர்கள் கருதுவதிலும் ஆழமான ஓரிடத்தைத் தொடுகிறது. இத்தொடரில் கொலைஞர் அகப்படும் முறையைக் கூர்ந்து நோக்கினால், பல சந்தர்ப்பங்களில் அவர்களை அகப்படுத்துவது அவர்களது ஞாபகமே என்பது புலனாகும். 1974 இல் ஒளிபரப்பாகிய ‘எதிர்மறைப் பிரதிபலிப்பு’ என்னும் அத்தியாயத்தைக் காட்டலாம். டிக் வான் டைக் நடித்த நிழற்படக் கலைஞன், அடுக்கிலுள்ள பல கமெராக்களுள் கொலையோடு தொடர்புடைய ஒன்றையே கைநீட்டி எடுக்கிறான். கொன்றவனுக்கு மாத்திரம் தெரிந்திருக்கக்கூடியதைத் தன்னையறியாது வெளிப்படுத்திவிடுகிறான். வலைவீசுவது கொலம்போ, வலையிற் சிக்குவது கொன்றவனின் நினைவு. கிறேஸிடம் அந்த நினைவே இல்லை. எந்த வலையும் அவளிடம் வெறுமையாகவே மீளும். ஆதலால் இங்கு சான்று மெலிந்திருப்பதைக் கதையாசிரியனின் சோர்வென்று கொள்வது பொருந்தாது. குற்றவாளி தன் குற்றத்தை அறிந்திருக்கிறான் என்னும் அடிப்படையின் மேலேயே கட்டப்பட்ட தொடர், அவ்வடிப்படையைப் பிடுங்கிவிட்டு என்ன எஞ்சுகிறதென்று பார்க்கிறது. கைதுசெய்ய ஓர் உடல் இருக்கிறது. குற்றஞ்சாட்ட ஒரு மனம் இல்லை.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்குக் கூறும் நிலைக்களன்களுள் இழவும் அசைவும் அடங்கும். அசைவு என்பதற்குத் தளர்ச்சியென்றும், பண்டைய நிலை கெட்டு வருந்துதலென்றும் உரையாசிரியர் பொருள் காண்பர். கிறேஸ் பாத்திரம் முழுவதும் அசைவின்பாற்பட்டது. அதனை ஏற்று நடித்தவர் ஜனெற் லீ; ‘சைக்கோ’ (1960) படத்தின் வழியாக உலகறிந்த நடிகை. திரையில் கிறேஸ் திரும்பத் திரும்பப் பார்க்கும் படமும் ஜனெற் லீ 1953 இல் உண்மையிலேயே நடித்த படம். நாற்பத்தெட்டு வயதில் தம் இருபத்தாறாவது வயது முகத்தை நோக்கி அமர்ந்திருக்கிறார் நடிகை. ஹொலிவூட் தன் பழைய ஆடல் பாடற் படங்களின் துண்டுகளைத் தொகுத்து ‘அதுவே களியாட்டம்’ என்ற பெயரில் 1974 இல் வெளியிட்டு வருவாய் ஈட்டியிருந்த காலம் அது. கதையிலும் அத்தகைய தொகுப்புப் படமொன்றின் வெளியீட்டு விழாவே கிறேஸின் ஆசையைக் கிளறிவிடுகிறது. தன்னைக் கைவிட்ட தொழில் தன் நிழலை மறுபடியும் விற்கத் தொடங்குவதை அவள் அழைப்பென எண்ணி ஏமாறுகிறாள். இதனைப் பெரும்பாலான ரசிகர்கள் நோயின் கதையாகவே பார்ப்பது வியப்புக்குரியது. நோய் அவள் ஞாபகத்தை அழிக்குமுன்னரே அவளை மறந்துவிட்ட ஒரு தொழிலும் அங்கிருக்கிறது.

பீற்றர் ஃபோக் தம் இறுதி ஆண்டுகளில் ஞாபக மறதி நோயால் பீடிக்கப்பட்டிருந்து 2011 இல் மறைந்தார். இதனை நினைவுகூர்ந்து இந்த அத்தியாயத்தை இரட்டிப்புத் துயரத்தோடு பார்ப்போர் இன்று உளர். அவ்வுணர்வு இயல்பானதே, ஆயின் அது நடிகர் வாழ்விலிருந்து வருவது, நாடகத்தினுள்ளிருந்து வருவதன்று.

முதலிரு சாராருக்கும் வருவோம். இரக்கமென்று போற்றுவோரும் கடமை தவறுதலென்று தூற்றுவோரும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றனர்: தீர்ப்பளித்தவன் கொலம்போ என்பதே இருவர் எண்ணமும். காட்சி அவ்வாறு அமையவில்லை. அவன் படக்கூடத்திற்கு வந்தது உண்மையை அவள் முகத்துக்கு நேரே எடுத்துரைப்பதற்கு. பொய்யைத் தேர்ந்தவன் நெட். கொலம்போ செய்தது எதிர்த்துரையாமை மாத்திரமே. அது சிறிய செயலென்பதன்று. ஆனால் அதற்குரிய பெயர் வேறு. இவ்வேறுபாட்டைக் கதை முன்னரே ஒரு நகைச்சுவை வடிவிற் காட்டிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. துப்பாக்கி சுடும் தேர்வுக்குப் பல ஆண்டுகளாக முகங்கொடாத கொலம்போவை மேலிடம் துரத்துகிறது. அவனோ தனக்குப் பதிலாகச் சக அதிகாரியொருவன் போய்ச் சுட்டுவிட்டு வரும்படி ஏற்பாடு செய்கிறான். நேரத்தை நிரப்பவந்த வேடிக்கையென்று ரசிகர்களிற் பலர் சலித்துக்கொள்ளும் பகுதி இது. ஆயினும் ஒருவனது இடத்தில் இன்னொருவன் நிற்பதும், ஏட்டிலே பெயர் மாறிப் பதிவதும், அதற்குக் கொலம்போ இசைவதும் அங்கேயே நிகழ்ந்துவிடுகின்றன. நெட் கிறேஸின் இடத்தில் வந்து நிற்கையில், விதிமுறையை எழுத்துக்கு எழுத்துப் பேணாத அதிகாரியொருவனைப் பார்வையாளர் முன்பே அறிவர். சிரித்து ஏற்ற ஆள்மாறாட்டத்தைக் கண்ணீரோடு ஏற்பது அவர்களுக்குக் கடினமாக இல்லை.

இங்குதான் ரசிகர் விவாதத்தின் பெருங்குறை தென்படுகிறது. கிறேஸுக்காக வாதிடுவோர் உளர். நெட்டின் தியாகத்தை வியப்போர் உளர். சட்டத்திற்காகப் பரிந்துரைப்போரும் உளர். கொல்லப்பட்டவனுக்காகப் பேசுவோர் மிகச் சிலர். உறங்குமுன் நகைச்சுவை நாவலொன்றைப் படித்துக்கொண்டிருந்த முதியவன் ஹென்றி. மனைவியின் மரணச் செய்தியைத் தன்னுள்ளே வைத்துக் காத்தவன். அதற்குப் பரிசாகக் கஞ்சனென்றும் கொடியவனென்றும் அவளால் எண்ணப்பட்டு அவள் கையாலேயே மாண்டான். அவன் மறைத்தது சரியா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். தன் உடலைப் பற்றிய உண்மையை அறியும் உரிமை அவளுக்கு இருந்தது. மருத்துவனாகவும் கணவனாகவும் இருந்த ஒருவன் அதனைத் தானே தீர்மானித்தான். அவளிடம் சொல்லியிருந்தால் இக்கொலை நிகழ்ந்திராது. அன்பின் பெயரால் நிகழ்ந்த அந்த மறைப்பும், அன்பின் பெயரால் நிகழும் நெட்டின் பொய்யும் ஒரே வகையின. இரண்டும் கிறேஸைத் தன் வாழ்வை அறியாதவளாகவே வைத்திருக்கின்றன. கொலம்போவின் மௌனம் மூன்றாவது. ஆடவர் மூவர் ஒரு பெண்ணை அவளது உண்மையிலிருந்து காப்பாற்றுகிறார்கள் என்று இதனைச் சுருக்கிக் கூறினால், கதையின் இனிமையிற் சிறிது கசப்புக் கலப்பதை உணரலாம்.

1977 இல் வந்த ‘முயன்று என்னைப் பிடி’ என்னும் அத்தியாயத்தோடு இதனை ஒப்பிடுவது பயனுடையது. அதிலும் கொலைஞர் ஒரு பெண். றூத் கோர்டன் நடித்த முதிய எழுத்தாளர். தன் அன்புக்குரிய பெறாமகளின் மரணத்துக்கு அவள் கணவனே காரணமென நம்பி, அவனைக் காற்றுப்புகாப் பாதுகாப்பறையிற் பூட்டி மூச்சடைத்துச் சாக விடுகிறாள். இறுதியில், வயது முதிர்ந்த தனக்கு விலக்களிக்கக் கூடாதா என்று இரக்கும் அவளிடம் கொலம்போ இணங்குவதில்லை. அவளைப் போலவே தானும் தொழிலைத் தொழிலாகச் செய்பவனென மறுத்துவிடுகிறான். ஒருத்திக்கு இரங்கியவன் மற்றவளுக்கு ஏன் இரங்கவில்லை என்று ரசிகர் வினவுவர். முன்னவள் மறந்துவிட்டாள், பின்னவள் நினைவோடிருக்கிறாள் என்பது வழக்கமான விடை, அது சரியானதே. ஆனால் இன்னொரு வேறுபாடும் உண்டு. பாதுகாப்பறையில் இறந்த இளைஞன் இருளுக்குள் கொலைஞரின் பெயர் வெளிப்படும்படி ஒரு தடயத்தை விட்டுச் சென்றான்; கொலம்போ அதனைத் தேடி எடுத்தான். அங்கே இறந்தவன் பேசினான். ஹென்றி விட்டுச் சென்றதோ மனைவியின் நோயைப் பற்றிய குறிப்பு மாத்திரம். தன்னைக் கொன்றவளைக் காட்டிக்கொடுக்க வேண்டிய அவனது ஏடு, அவளுக்காகவே வாதாடுகிறது.

அந்த ஏட்டைப் படித்த பின்னரே கொலம்போ படக்கூடத்திற்கு வருகிறான் என்பதை மறத்தலாகாது. கிறேஸைத் துன்புறுத்தாது இறக்கவிட வேண்டுமென்பது முதலில் ஹென்றியின் முடிவு. நெட்டும் கொலம்போவும் அதனையே நிறைவேற்றுகின்றனர். ஆனால் ஹென்றியைக் கொன்றவன் நெட் என்று சில மாதங்களுக்கேனும் ஏட்டில் இருக்கும். அவன் மறைத்தது எது, எதற்காக மறைத்தான் என்பது அதுவரை கிறேஸின் வீட்டில் எவரும் பேசாத செய்தியாகவே இருக்கும். படக்கூடத்திலோ, 1953 ஆம் ஆண்டுப் படம் ஓடிக்கொண்டிருக்கிறது.