பாவமும் பற்றும்

பாவம் வேறு, பாவத்தின்மேல் உள்ள பற்று வேறு. கத்தோலிக்க ஞானமரபு இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நம் நாவலாசிரியர்களில் ஓரிருவருக்கு இந்தப் பிரிவினை தெரிந்திருக்கிறது. நம் விமர்சகர்களுக்குப் பிடிபடவேயில்லை என்பது என் எண்ணம். இதில் மதத்துக்கு நஷ்டம் ஏதுமில்லை. நஷ்டம் இலக்கியத்துக்குத்தான்.

பிரிவினை இதுதான். செய்ததைச் சொல்லி, வருந்தி, பாவசங்கீர்த்தனத்தில் ஒருவன் மன்னிப்புப் பெற்றுவிடலாம். மன்னிப்புப் பெற்றவன் அதே காரியத்தை இன்னமும் உள்ளூர நேசித்துக்கொண்டிருக்கலாம். பரிபூரண பலனுக்கான ஒழுங்குகளை 1967இல் ஆறாம் பால் திருத்தி வெளியிட்டார். பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பரசரின் கருத்துக்காக ஜெபம் ஆகிய மூன்று நிபந்தனைகளோடு அங்கே இன்னொன்றும் இருக்கிறது: எந்தப் பாவத்தின்மீதும், அது அற்ப பாவமேயானாலும், பற்று இருக்கக்கூடாது. 2025 யூபிலி ஆண்டிலும் இதே நிபந்தனைதான். முதல் மூன்றையும் ஒரு வாரத்தில் நிறைவேற்றிவிடலாம். கடைசி நிபந்தனைக்கு ஓர் ஆயுள் போதுமா என்பது சந்தேகம்.

தமிழ் அச்சின் ஆரம்பத்திலேயே இந்த விவகாரம் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான இரண்டு வருஷங்களில், 1580இல், முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவர்களுக்காக அன்றிக்கே அன்றிக்கஸ் 'கொம்பெசியொனாயரு' என்ற நூலைக் கொச்சியில் அச்சிட்டார். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் நூல். செய்த குற்றத்துக்குப் பெயர் சொல்லவேண்டிய கட்டாயம் தமிழ் வசனத்துக்கு அச்சேறிய கையோடு வந்துவிட்டது. ஆனால் ஆத்தும சோதனைக்கான ஏட்டில் கேட்கக்கூடியது செய்தாயா, எத்தனை தடவை என்பதுதான். அதை இன்னும் விரும்புகிறாயா என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் கிடையாது. அதற்கு வேறொரு வசனம் தேவை. அந்த வசனத்தைத்தான் பிற்பாடு நாவல் என்று அழைக்கிறோம்.

பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியான தம் பக்தி வாழ்வு நூலில் இதற்கு நல்ல உதாரணம் தருகிறார். முலாம்பழம் தின்றால் செத்துப்போவாய் என்று வைத்தியர் சொன்னதால் நோயாளி தின்னாமலிருக்கிறான். ஆனால் அதைப் பற்றியே பேசுகிறான், முகர்ந்தாவது பார்க்கலாமா என்கிறான், தின்னக் கொடுத்துவைத்தவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறான். எகிப்தை விட்டு வெளியேறியும் அங்கத்து வெங்காயத்துக்கு ஏங்கிய இஸ்ரவேலரையும் சலேசியார் இதே வரிசையில் வைக்கிறார்.

இஞ்ஞாசியாரின் பயிற்சிகளில் மூன்றுவகை மனிதர்கள் வருகிறார்கள். மூவரிடமும் பதினாயிரம் பொற்காசு. அது முழுக்கவும் கடவுளுக்காகச் சம்பாதித்ததல்ல. மூவருக்குமே பணத்தின்மீதுள்ள பற்றிலிருந்து விடுபட ஆசை. முதலாமவன் சாகும்வரை அதற்காக ஒன்றும் செய்வதில்லை. இரண்டாமவன் பணத்தை வைத்துக்கொண்டே பற்றை மட்டும் விடப் பார்க்கிறான். தான் நிற்கிற இடத்துக்குக் கடவுள் வரவேண்டும் என்கிறான். மூன்றாமவனுக்கு வைத்துக்கொள்வதும் விடுவதும் ஒன்றுதான். கடவுள் காட்டுகிற பக்கம் போவான். பாங்கில் வேலை செய்கிறவனுக்கு இரண்டாமவன் நன்கு பரிச்சயமானவன். நகைக்கடனுக்கு வருஷாவருஷம் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துப் போகிறவர் இருக்கிறார். கணக்கில் குற்றம் சொல்லமுடியாது. நகை மட்டும் பெட்டகத்தை விட்டு வெளியே வருவதில்லை. மாதந்தவறாத பாவசங்கீர்த்தனமும் அப்படி வட்டியாகிவிடக்கூடும்.

இது கத்தோலிக்கருக்கு மட்டும் சொந்தமான சிக்கல் அல்ல. மணவாள நகரிலிருந்து ரயில் பாதையைத் தாண்டிப் போனால் திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு ஹ்ருத்தாபநாசினி என்று பெயர். அமாவாசைதோறும் கூட்டம் வந்து அதில் வெல்லம் கரைக்கிறது. குளத்துக்குப் பெயர் வைத்தவர் கை கால்களை விட்டுவிட்டு ஹ்ருதயத்தைக் குறிப்பிட்டிருப்பது யோசிக்கத்தக்கது. கரையவேண்டியது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வந்தது. அவதூறு என்றார்கள் சிலர், துணிச்சல் என்றார்கள் சிலர். இரு கட்சியும் பார்த்தது அலங்காரத்தம்மாளின் நடத்தையை மட்டும். நாவலின் விஷயம் நடத்தையல்ல. அலங்காரம் தன் பாவத்தை மறுப்பதில்லை, நியாயப்படுத்துவதுமில்லை. அதற்குப் பிராயச்சித்தமாக மகன் அப்புவை வேத பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறாள். சிவசுவோ வந்து போய்க்கொண்டிருக்கிறான். பாவத்துக்கு அஞ்சுகிறாள், பரிகாரம் தேடுகிறாள், பற்றை விடமாட்டேன் என்கிறாள். இஞ்ஞாசியாரின் இரண்டாம் மனிதனைத் தமிழில் இவ்வளவு முழுமையாக வேறு எவரும் சிருஷ்டித்ததில்லை. ஜானகிராமன் அவரைப் படித்தாரா என்பது அநாவசியம். விஷயம் உண்மையானதால் இரண்டு இடத்திலும் அகப்படுகிறது.

ஜானகிராமனின் வசனமே அலங்காரத்தின் கம்பீரத்தில் சொக்கிக் கிடக்கிறது என்று குறை சொல்லலாம். அந்தச் சொக்கல் இல்லாவிட்டால் பற்று என்பது வாசகனுக்கு வெறும் தகவலாகியிருக்கும். இப்போது அவனும் அதில் பங்காளி. கடைசியில் அப்பு இந்துவோடு நின்றுவிட, அலங்காரம் காசிக்குப் புறப்படுகிறாள். இதைப் பாவவிமோசனம் என்று வாசிப்பது சுலபம். உண்மையில் அங்கே நடப்பது அவளுடைய கடைசி ஊன்றுகோல் பறிபோவதுதான். அவள் கணக்கைத் தீர்க்க இனி மகன் இல்லை. மனஸ்தாபம் என்பது தொடங்கக்கூடுமானால் இங்கேதான் தொடங்கவேண்டும். ஜானகிராமன் இதற்குமேல் ஒரு அடி வைக்கவில்லை. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவருக்கு அடுத்து வந்தவர்கள் அந்த அடியை எடுத்து வைத்திருக்கவேண்டும்.

ஜெயகாந்தன் வேறு தளத்தில் இயங்குகிறார். 'அக்கினிப் பிரவேச'த்தில் தாய் மகள் தலையில் தண்ணீரைக் கொட்டிச் சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பற்று ஏதுமில்லாததால் தண்ணீர் போதுமானதாகிறது. 1970இல் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் தண்ணீர் கொட்ட ஆளில்லை. கங்கா அதே மனிதனைத் தேடிப் போகிறாள். உலகம் ஒட்டிய முத்திரையே அவள் பற்றிக்கொள்ளும் பொருளாகிவிடுகிறது. ஜெயகாந்தனுக்கு இது புலப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் உடனே சமூகத்தைக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். வழக்கு சூடுபிடிக்க, கங்காவின் உள்ளம் பின்தங்கிவிடுகிறது.

கத்தோலிக்க நாவல் என்றால் நம்மவர்கள் உடனே காட்டுவது கிரகாம் கிரீனை. 1948இல் வந்த 'தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்' நாவலில் ஸ்கோபி ஹெலனை விட்டுவிடுவதாக வாக்களிக்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்திலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறான். பொய்ப் பிரதிக்கினை செய்ய மறுக்கும் அந்த நேர்மை அபூர்வமானது. ஆனால் ஸ்கோபி பற்றியிருப்பது ஹெலனை அல்ல, தன் இரக்கத்தை. எல்லோரையும் தானே தாங்கவேண்டும் என்ற எண்ணத்தை. இதைக் கிரீன் காட்டுகிறார். காட்டிக்கொண்டே அதற்கு ஒளிவட்டமும் மாட்டிவிடுகிறார். அழிந்துபோவதில் ஏதோ ஒரு அந்தஸ்து இருப்பதுபோன்ற தொனியை ஆர்வெல் அப்போதே கண்டித்தார். கண்டனம் சரியானதுதான்.

பற்றை வெல்வது எப்படி? மனவுறுதியால் என்று ஞானிகள் சொல்லவில்லை. அகுஸ்தீனார் மனந்திரும்பும் தறுவாயில் பழைய பிரியங்கள் பின்னாலிருந்து ஆடையைப் பிடித்து இழுத்ததாக எழுதுகிறார். இனி என்றென்றைக்குமா என்று அவை கேட்டனவாம். சலேசியார் பத்துத் தியானங்களை வரிசைப்படுத்துகிறார்: சிருஷ்டிப்பில் ஆரம்பித்து மரணம், தீர்வை, நரகம், மோட்சம் என்று போய்ப் பக்தி வாழ்வைத் தேர்ந்துகொள்வதில் முடிகிறது, அதன்பின் ஆயுள் முழுவதற்குமான பாவசங்கீர்த்தனம். பற்று எந்தப் பக்கம் சாய்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தைக் கேட்டு மன்றாடு என்கிறார் இஞ்ஞாசியார். விருப்பம் வராவிட்டாலும், வாய்விட்டாவது. மூவரிடமும் பொதுவானது ஒன்று உண்டு. பற்றை வெறுப்பதால் அது போவதில்லை. வெறுப்பும் ஒருவகைப் பிடிமானம். அதைவிடப் பெரிய நேசம் வந்து இடத்தைப் பிடிக்கும்போது பிடி தளர்கிறது. குறளின் துறவதிகாரம் முடிகிற இடமும் இதற்குத் தூரமில்லை.

நம் கிறிஸ்தவப் பிரசங்க இலக்கியம் அந்த நேசத்தை முதல் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது. அதனால் அதை யாரும் நம்புவதில்லை. நவீன நாவலோ அப்படி ஒன்று இருக்கமுடியாது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்டது. அதனால் அதன் பாவங்களுக்குக் கனம் குறைந்துகொண்டே வருகிறது. விடவேண்டிய அவசியமில்லாத ஒன்றை விடமுடியாமல் தவிப்பதில் என்ன சோகம் இருக்கமுடியும்? மீறல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் பாராட்டுகிற பல கதைகள் முலாம்பழத்தை முகர்ந்து பார்க்கிறவனின் கதைகள்தான். பாராட்டுகிற நாமும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

காசிக்குப் போன அலங்காரத்தம்மாள் அங்கே முதல்நாள் காலையில் எதை நினைத்துக்கொண்டு எழுந்தாள் என்பதைத் தமிழில் இன்னும் யாரும் எழுதவில்லை. எழுதுகிறவருக்கு நம்பிக்கை இருக்கவேண்டும் என்பதில்லை. விடுவது கஷ்டம் என்பதும், விடமுடியும் என்பதும் சேர்ந்தே அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.