விரல் நுனியில்

அரசு விளம்பரங்களில் பல ஆண்டுகளாக ஒரு வாசகம் அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது: சேவைகள் இனி உங்கள் விரல் நுனியில். வங்கி அதையே சொல்கிறது, மின்வாரியம் சொல்கிறது, எரிவாயு நிறுவனமும் சொல்கிறது. யாருடைய விரல் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. சிவகாசி வட்டாரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நகர முடியாது. இங்கே விரல் நுனிதான் பிழைப்பு. காகிதக் குழாய் சுருட்டுவது, திரி செருகுவது, சரம் பின்னுவது, தீப்பெட்டி ஒட்டுவது என்று பெண்கள் செய்யும் வேலையெல்லாம் விரல்களால் செய்யும் வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி, எனவே வேகமும் விரலில்தான். பசையும் மருந்துத் தூளும் காகித விளிம்பும் சேர்ந்து இருபது வருடத்தில் ரேகையைத் தேய்த்துவிடுகின்றன. அந்த விரலை ரேஷன் கடைக் கருவியில் வைத்தால் அது 'பொருந்தவில்லை' என்கிறது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறார்கள். வேறு விரலை வைக்கச் சொல்கிறார்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். உழைத்ததற்கான தடயமே ஆளை அடையாளம் தெரியாதவளாக ஆக்கிவிடுகிறது.

நாவலையும் சினிமாவையும் பெண்ணியக் கண்ணோடு வாசிக்க நமக்குப் பழக்கம் வந்துவிட்டது. ஓர் இணையப் படிவத்தை அப்படி வாசித்துப் பார்த்திருக்கிறோமா? இன்று நம் அம்மாக்கள் அதிகம் எதிர்கொள்ளும் பனுவல் அதுதான். அதற்குள்ளும் ஒரு கதாநாயகன் இருக்கிறான். அவனுக்கென்று ஒரு கைப்பேசி உண்டு. அது எப்போதும் அவன் சட்டைப்பையிலேயே இருக்கும். பிறந்தது முதல் அவன் பெயர் மாறியதில்லை. பகல் பதினொரு மணிக்கு அவனுக்கு ஓய்வு உண்டு. இணையதளம் நின்றுபோனால் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட அவனால் முடியும். தமிழில் அவனுக்குப் 'பயனர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பால் காட்டாத, மரியாதையான சொல்தான். ஆனால் அந்தப் பயனருடைய ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். அது வீட்டில் உலை வைத்துவிட்டு வந்த ஆளின் நாள் அல்ல.

முதலில் கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 53.9 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்த பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். இந்தக் கணக்கைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். தமிழ்நாடு தேவலை என்றும் சேர்த்துக்கொள்வார்கள். பட்டாசு ஆலையில் நிலைமையே வேறு. சொந்தமாகக் கைப்பேசி வாங்கியவள்கூட அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெடிபொருள் இருக்கும் இடத்தில் தீப்பெட்டியைப் போலவே கைப்பேசிக்கும் தடை. அது நியாயமான தடைதான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும் 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகளைக் கேள்விப்பட்ட எவரும் அந்த விதியைத் தளர்த்தச் சொல்லமாட்டார்கள்.

ஆனால் ஆதாரின் ஓடிபி பத்து நிமிடத்தில் காலாவதியாகிவிடும். இ-சேவை மையம் திறந்திருக்கும் நேரமும் அவள் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரமும் ஒன்று. மையத்தில் மகனோ கணவனோ உட்கார்ந்து விண்ணப்பிக்க, கேட்டுக்கு வெளியே ஒரு பையில் கிடக்கும் கைப்பேசியில் எண் வந்து விழுகிறது, செத்துப்போகிறது. இரண்டு வழிதான் உண்டு. ஒருநாள் கூலியை விட வேண்டும். அல்லது ஆதாரோடு வீட்டு ஆணின் எண்ணை இணைத்துவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதுதான் நடக்கிறது. அன்றிலிருந்து அவளுடைய ரேஷன், வங்கிக் கணக்கு, வாரிய அட்டை எல்லாவற்றுக்கும் சாவி அவன் கையில். திருப்பூருக்கு வேலைக்குப் போன மகன் சிம்மை மாற்றினால் அம்மா அரசாங்கத்தின் கண்ணிலிருந்து காணாமல் போகிறாள். கணவன் இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு அலையும் பெண்ணிடம், கணவனின் எண்ணுக்கு வந்த ஓடிபியைக் கேட்கிறது திரை. இதை எழுதிய நிரலாளரின் மேல் எனக்குக் கோபமில்லை. சாவையே நினைத்துப் பார்க்காத ஒரு வடிவமைப்பு, ஆண்டுதோறும் வெடிவிபத்து நடக்கும் ஒரு வட்டாரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

அடுத்தது பெயர். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சுவாரஸ்யமான இடம், எரிச்சலான இடமும்கூட. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முதலெழுத்துதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சாதிப் பின்னொட்டை உதறிய வரலாறு அதற்குப் பின்னால் இருப்பதால் அந்தப் பெருமையில் அர்த்தமும் உண்டு. ஆனால் அந்த முதலெழுத்து பெண்ணுக்கு மட்டும் கல்யாணத்தன்று மாறுகிறது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, குடும்ப அட்டையில் கணவனின் எழுத்து, ஆதாரில் கணவனின் முழுப்பெயர், பான் அட்டையில் மறுபடியும் அப்பா. எழுத்தர் இருந்த காலத்தில் அவர் கண்ணாடியை மேலேற்றி, 'ரெண்டும் நீதானம்மா' என்று கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். கணினிக்கு அந்தச் சந்தேகமும் இல்லை, அந்தச் சமாதானமும் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் அவள் இரண்டு பேர்.

எழுத்துப்பிழை வேறு. தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும், இங்கே லட்சுமி கிடையாது, லெட்சுமிதான். முத்துலெட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நான்கைந்து வழி உண்டு. எந்த அலுவலகத்தில் எந்த ஆள் உட்கார்ந்து எந்த வழியில் அடித்தார் என்பது அவள் தலையெழுத்து. தன் மொழியில் தெளிவாக ஒரே பெயர் கொண்டவள், தான் வாசிக்காத இன்னொரு மொழியில் ஏற்பட்ட முரண்பாட்டுக்காகப் பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கிறது. 'முரண்பாட்டைச் சரிசெய்க' என்கிறது திரை. முரண்பாட்டை உண்டாக்கியது பெண்ணின் பெயரை ஆண்களின் பெயரோடு கட்டிவைத்த வழக்கம். சரிசெய்யும் செலவு மட்டும் அவளுடையது.

பெரும்பாலான படிவங்களின் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: நான் ரோபோ அல்ல. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் குழாய் என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்கும் பெண்ணிடம் அந்த வாக்கியத்தை வாசித்துக் காட்டுங்கள். சிரிப்பாள்.

சரி, இந்த வேலையையெல்லாம் யார்தான் செய்கிறார்கள்? அங்கீகாரம் பெற்ற மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 60 ரூபாய்தான். பிரவுசிங் சென்டர்களில் அது அவரவர் இஷ்டம். ஆனால் பணம் கொடுக்காமல் நடக்கும் வேலையே அதிகம். அதைச் செய்வது வீட்டில் படித்த மகள். கல்லூரிக்குப் போகும் பெண் தெருவுக்கே கணக்கப்பிள்ளை ஆகிவிட்டாள். அவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அந்தப் பணம் வர வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்ட ஆதார் இணைப்பு வித்தையை எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் செய்துதருகிறாள். மகப்பேறு நிதிக்குப் பதிவு செய்யும் அக்காவுக்கு, ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று தர வேண்டிய தாத்தாவுக்கு, கணக்கு முடங்கிப்போன சித்திக்கு என்று அவள் மாலைகள் போகின்றன. அண்ணனிடம் கேட்டால் 'அப்புறம் பாக்கலாம்' என்பான். அவனை யாரும் வற்புறுத்துவதில்லை. சமையல், துவையல், முதியோர் பராமரிப்பு என்ற பழைய பட்டியலில் சத்தமில்லாமல் ஒன்று சேர்ந்திருக்கிறது. வீட்டின் கடவுச்சொற்களையெல்லாம் நினைவில் வைத்திருப்பதும் வீட்டுவேலைதான். இதற்குக் கூலி கிடையாது; பிழை வந்தால் திட்டு உண்டு.

அரசின் பக்கத்திலும் இதே கதைதான். 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம்களில் விண்ணப்பம் வாங்கிச் செயலியில் ஏற்றியதில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் பங்கு பெரிது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செப்டம்பர் 15 அன்று திட்டம் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. விடுபட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் போனது. மேல்முறையீடு இ-சேவை வழியாக, முப்பது நாளுக்குள். பெயரிலேயே உரிமை இருக்கும் ஒரு திட்டம், அந்த உரிமை மறுக்கப்பட்ட செய்தியைத் தன்னிடம் இல்லாத கைப்பேசிக்கு அனுப்பினால் அவள் எங்கே போய் வாசிப்பாள்?

பழைய தாலுகா ஆபீஸ் சொர்க்கமாக இருந்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. லஞ்சம் இருந்தது, சாதி பார்த்து உட்காரவைப்பது இருந்தது, தனியாக வந்த பெண்ணை மேலும் கீழும் பார்ப்பது இருந்தது. பணம் நேரே தன் கணக்குக்கு வருவது பெண்களுக்குக் கிடைத்த பெரிய விஷயம். அதை இழக்க யாரும் தயாரில்லை, நானும் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மனிதன் மறுத்தால் சண்டை போடலாம். சங்கத்துப் பெண்கள் வாரிய அட்டைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு தொழிலாளர் நல அலுவலகத்துக்குப் போய், வாசலில் உட்கார்ந்துகொண்டு, 'கையெழுத்து வாங்காமப் போகமாட்டோம்' என்று சொல்ல முடிந்தது. அந்தப் பயணத்திலேயே அரசியல் படித்தவர்கள் பலர். பதிவு இணையத்துக்குப் போனபின் ஒவ்வொருத்தியும் தனித்தனியாக ஒரு திரைக்கு முன். 'சர்வர் டவுன்' என்பதை எதிர்த்து எந்த வாசலில் உட்காருவது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிந்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் பெண்கள். ஆளுக்குப் பன்னிரண்டு இலக்க எண் கிடைத்திருக்கிறது. ஒரே பட்டியலில் இருந்தும் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதில்லை.

2018இல் உச்ச நீதிமன்றம் இருபத்தேழு நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் தந்தது. செப்டம்பர் 26 அன்று ஆதார் செல்லும் என்றது. அரசின் நலத்திட்டங்களுக்கு அதைக் கேட்கலாம், அதேசமயம் ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்கு மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. அக்டோபர் 23 அன்று பட்டாசை இணையத்தில் விற்கக் கூடாது என்றது. சரவெடியையும் தடை செய்தது. சுற்றுச்சூழல் காரணங்களோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு பெண்ணின் இடத்திலிருந்து வாசித்தால் கிடைப்பது இதுதான்: அவள் கை செய்த பொருள் இணையத்துக்குள் நுழையக் கூடாது, அவள் கை ரேகை நுழைந்தே ஆக வேண்டும். சரம் பின்னிக்கொண்டிருந்தவளுக்கு வேலையும் குறைந்தது. வேலை குறைந்தால் நூறு நாள் வேலை இருக்கிறதே என்றார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் பெண்கள். 2023 ஜனவரி முதல் அங்கேயும் செயலியில் வருகைப் பதிவு, நாளுக்கு இரண்டு முறை படம். கண்மாய்க் கரையில் சிக்னல் இல்லாவிட்டால், வெயிலில் வெட்டிய மண்ணுக்குச் சாட்சி இல்லை.

ரேகை விழாவிட்டால் மறுக்கக் கூடாது என்ற தீர்ப்பின் அந்த ஒரு வரியை ஒவ்வொரு ரேஷன் கடையிலும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டச் சொல்லி மாணவிகள் கேட்கலாம். காலண்டரும் போஸ்டரும் அச்சடித்தே பிழைக்கும் ஊர் இது. இதை அடிக்க எவ்வளவு நேரமாகும்? ஆலை விட்டபின் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும் ஒரு இ-சேவை மையத்தைத் திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் தாயில்பட்டியிலும் கேட்கலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் காகிதத்தில், அதிகாரியின் பெயரோடும் கையெழுத்தோடும் தரச் சொல்லலாம். கையெழுத்து இருந்தால்தானே அந்த ஆளைத் தேடிக்கொண்டு போக முடியும்.