ஸ்விஃப்ட்: திரை மலையும் நம் காலும்

ஐரோப்பியக் குளிர்காலத்தில் சாலையில் பனி உறைந்துவிட்டால் சைக்கிள்காரர்களுக்கு வீட்டு ட்ரெய்னர்தான் கதி. சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் மிதிப்பது லேசான காரியமில்லை. சும்மா சொல்லக்கூடாது, ஸ்விஃப்ட் செயலி அந்தச் சலிப்பை நன்றாகவே விரட்டுகிறது. பிரான்சின் ஆல்ப் துவேஸ் மலைச்சாலையின் ஏற்றத்தை 'ஆல்ப் டு ஸ்விஃப்ட்' என்று திரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். 21 கொண்டை ஊசி வளைவுகள். "அடுத்த வளைவு வரைக்கும்" என்று ஒவ்வொன்றாக எண்ணியே ஏறிவிடலாம்.

என் குறை வேறு. விளையாட்டு வேகத்துக்குப் பரிசு தருகிறது. பயிற்சிக்கு வேண்டியது அளவு. யாராவது முந்தினால், நிதானமாக ஓட்டவேண்டிய நாளிலும் கால் கேட்காது. தினமும் பந்தயம் என்றால் கடின நாளும் இல்லை, இலகுவான நாளும் இல்லை; எல்லாமே நடுத்தரம். எடையைக் குறைத்துப் பதிந்தால் திரையில் சீக்கிரம் ஏறலாம், காலுக்கு ஒரு லாபமும் கிடையாது.

அதனால் நான் வேகத்தை விட்டு வாட்ஸ் எண்ணைத்தான் பார்க்கிறேன். வாரம் ஒரு நாள் எர்க் மோடில் இடைவெளிப் பயிற்சி. எதிர்ப்பை ட்ரெய்னரே பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் பந்தயம். மற்ற நாட்களில் மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மெதுவாக. அப்புறம், குளிர்காலமானாலும் ஒரு ஃபேன் கட்டாயம். திரையில் அடிக்கிற காற்று அறைக்குள் வராது பாருங்கள்.